பச்சையும் கருவாடும்

மாமல்லபுரம்
9 ஜூன் 2025

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

லோகு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், கேமரா மூவரும் சௌக்கியம். அங்கே நீ, பாலா அண்ணன், பாப்பா எல்லாரும் சௌக்கியமா?

உறையில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வளைகாப்பு. எல்லாம் பச்சை, கருவாடு ஒன்றுகூட இல்லை. இந்தக் கடிதத்தைக் கூரியர்காரன் பிரித்துப் படித்தால் மீன் பார்சல் என்று நினைத்துக்கொள்வான். நினைக்கட்டும்.

போன் செய்திருக்கலாம்தான். போன தடவை போன் பேசி எப்படி முடிந்தது? நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். டிஸ்க் எப்படியும் கூரியரில்தான் வர வேண்டும். அதோடு ஒரு தாளில் கத்திவிட்டால் உன் காதுக்கும் நல்லது, என் பேலன்சுக்கும் நல்லது.

ஒரு உதவி வேண்டும். நாம் சேர்ந்து கடை நடத்தியபோது நான் எடுப்பேன், நீ கம்ப்யூட்டரில் திருத்திக் கலர் பார்ப்பாய். எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நீ கூடுவாஞ்சேரிக்குப் போனபோது உன் கம்ப்யூட்டரும் அதிலிருந்த மென்பொருளும் உன்னோடு போய்விட்டன. நேற்று வளைகாப்புப் பெண்ணின் மாமியார் படம் பார்க்க வந்தார். என் கம்ப்யூட்டரில் திறந்தால் வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். "இன்னா மேடம், எல்லாம் வெள்ள வெள்ளையா கீது, ஒண்ணுமே ஏறலயா?" என்றார். கேமராவின் குட்டித் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். மானம் போனது. பச்சையைத் திறந்து பார்க்கிற மாதிரி மலிவாக ஏதாவது மென்பொருள் இருந்தால் சொல். மாதா மாதம் வாடகை கேட்கிறதெல்லாம் எனக்குக் கட்டாது.

அப்புறம், கூடுவாஞ்சேரியில் அனு என்று ஒரு பெண் புதிதாகக் கல்யாணம் எடுக்கிறாளாம், அவள் படங்களுக்கும் நீதான் கலர் பார்க்கிறாயாம். ஒருத்தர் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

உன்
லோகு


கூடுவாஞ்சேரி
15 ஜூன் 2025

அன்பு லோகு,

ஆண்டவர் கிருபையில் எல்லாரும் நலம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, அதனால் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. வளைகாப்புப் படங்கள் முடிந்துவிட்டன, டிஸ்க்கோடு வருகின்றன. வளையல் அடுக்கும்போது அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்துப் பாப்பாவைத் தொட்டிலில் விட்டுவிட்டு நானும் சிரித்தேன்.

உன் வெள்ளைக் கட்டத்துக்கு வருவோம். பயப்படாதே, படம் எங்கும் போகவில்லை. கேமரா பார்த்த வெளிச்சம் முழுவதையும் சமைக்காமல் அப்படியே எடுத்து வைக்கிற கோப்புதான் ரா. நம் பாஷையில் பச்சை. அதைக் கம்ப்யூட்டர் சும்மா திறக்காது. அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும். பார்ப்பதற்கு ஒன்று, திருத்துவதற்கு ஒன்று என்று இரண்டு வகை. உனக்கு இப்போதைக்குப் பார்த்தால் போதும் என்றால் எதையும் வாங்காதே. உன் கேமராவைச் செய்த கம்பெனியே தன் தளத்தில் ஒரு மென்பொருளைச் சும்மா தருகிறது. கேமராவோடு வந்த காகிதத்தில் எழுதியிருக்கும். நீ அந்தக் காகிதத்தில் பஜ்ஜி எண்ணெய் துடைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

பெரிய மென்பொருளைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வேண்டாம். கல்யாணப் படங்கள் இருக்கிற கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் அழுதாலும் திரும்ப வராது.

அனு விஷயம் உண்மைதான். நல்ல பெண். சேலம் பக்கம். வெளிச்சம் பார்க்கத் தெரிந்தவள். உனக்கு அவளைப் பிடிக்கும்.

அன்புடன்
ஜெஸ்ஸி


மாமல்லபுரம்
24 ஜூன் 2025

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

லோகு. நலம், நலமறிய அவா.

கம்பெனி மென்பொருளைப் போட்டுவிட்டேன். வெள்ளைக் கட்டமெல்லாம் படமாக மாறியது. அம்பாளுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. கடைக்கு வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன், அவர்கள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள்.

வெளிச்சம் பார்க்கத் தெரிந்தவள் என்று எழுதியிருந்தாய். நல்லது. உன்னோடு இத்தனை வருஷம் வேலை செய்தேன். "லோகு, கொஞ்சம் ஓவர் ஆயிடுச்சு", "லோகு, முகம் இருட்டு", "லோகு, இதைத் தூக்கிப்போடு" என்பீர்கள் மேடம். வெளிச்சம் தெரிந்தவள் என்று ஒரு நாள் சொல்லியிருப்பாயா? உனக்கு அவளைப் பிடிக்கும் என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு யாரைப் பிடிக்கும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். தொழிலில் இருக்கிறவர்கள் பார்க்கத்தானே வேண்டும். சுமாராக இருக்கிறது. எல்லாவற்றிலும் கலர் நன்றாக இருக்கிறது, அது உன் கை. அடியிலே போய்ப் போய் அவள் காலேஜில் எடுத்த பூனைப் படம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே விரல் பட்டு அந்தப் பூனைக்கு இதயம் விழுந்து தொலைத்தது. உடனே எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முக்கியமான விஷயம். பார்க்கிறது மட்டும் போதாது. திருத்தவும் வேண்டும். நீ என் படம், அவள் படம் என்று இரண்டு பேர் வேலையில் கஷ்டப்படுகிறாய், பல் முளைக்கிற குழந்தை வேறு. உன் சுமையைக் குறைக்கலாம் என்றுதான். வேறு காரணம் இல்லை. மலிவாக எது நல்லது?

லோகு


கூடுவாஞ்சேரி
2 ஜூலை 2025

அன்பு லோகு,

பூனை விஷயம் தெரிந்துவிட்டது. அனு வந்து, "அக்கா, லோகு போட்டோகிராஃபின்னு ஒருத்தங்க என் பழைய பூனைய லைக் பண்ணிட்டு எடுத்துட்டாங்க, யாருக்கா அது?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. உன் மானத்தைக் காப்பாற்றினேன். பூனை பிடிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கேயாவது பார்த்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

லோகு போட்டோகிராஃபி. கடைப் பெயர் மாறியிருக்கிறது போல. எனக்குத் தெரியாது.

திருத்துவதற்கு இரண்டு பெயர் சொல்கிறேன். டார்க்டேபிள், ராதெரபி. இரண்டும் முழுக்க இலவசம். உலகம் முழுவதும் இருக்கிற படப் பைத்தியங்கள் சேர்ந்து செய்து சும்மா கொடுப்பவை, தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற வகையும் உண்டு. ஆனால் முதலில் இலவசத்தில் கை பழகு, போதவில்லை என்றால் அப்புறம் வாங்கு. இரண்டில் எது என்றால், உனக்கு டார்க்டேபிள். படங்களை அடுக்குவது, தேர்ந்தெடுப்பது, திருத்துவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். உன் கம்ப்யூட்டரின் மெமரிக்கு ஓடும், கொஞ்சம் மூச்சு வாங்கும்.

திறந்ததும் விமானத்தின் முன்பக்கம் மாதிரி இருக்கும். எல்லாப் பட்டனையும் தொடாதே. வெளிச்சம், வெள்ளை சரியான வெள்ளையா என்பது, நிழல். இந்த மூன்றையும் முதல் மாதம் பார், போதும். பெண்ணை வெளுப்பாக்கச் சொல்வார்கள். ஆக்காதே. அவள் நிறம் அவளுக்கு அழகாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே நிறுத்து. என்ன செய்தாலும் பயப்படாதே. நீ எவ்வளவு திருத்தினாலும் அசல் படம் மாறவே மாறாது.

ஆடி மாதம் வருகிறது, கல்யாணம் இருக்காது. உட்கார்ந்து பழக நல்ல நேரம். நீயே செய்யப்போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஜெஸ்ஸி


மாமல்லபுரம்
1 செப்டம்பர் 2025

ஜெஸ்ஸிக்கு,

இந்த உறையில் டிஸ்க் இல்லை. தேடாதே.

செங்கல்பட்டு மண்டபத்தில் ஆவணி முகூர்த்தம். பெண் பெயர் பிரபா, சம்பூர்ணம் அம்மாவின் கடைசிப் பெண். நான் பெண் வீட்டு போட்டோகிராஃபர். மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராஃபர் யார் தெரியுமா? உனக்குத் தெரியாமல் இருக்குமா? உன் அனுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ.

வந்ததும் "வணக்கம்க்கா, பூனை பிடிக்குமாமே" என்றாள். பிடிக்கும் என்றேன். மேடையில் இரண்டு வீட்டுக் கேமராவும் இடித்துக்கொள்வது புதிதா என்ன. அதற்கெல்லாம் நான் கோபப்படுகிறவள் இல்லை. மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குப் போன் வந்தது. என் காது பக்கத்திலே நின்று பேசினாள். "ஆமாக்கா, பச்சை மட்டும்தான். கருவாடு அனுப்ப மாட்டேன்க்கா" என்றாள். யாரோடு பேசினாள் என்று நான் கேட்க வேண்டுமா?

ஜெஸ்ஸி, அந்த வார்த்தை எங்கே பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? சதுரங்கப்பட்டினம் கரையில். கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். மணலில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். ரா என்றால் என்ன, ஜேபெக் என்றால் என்ன என்று நீ தலைகீழாக நின்று விளக்கினாய், எனக்குப் புரியவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன், "அதாவது ரா இன்னா, பச்ச மீனு. கொழம்பும் வெக்கலாம், வறுக்கவும் செய்யலாம். இன்னொண்ணு கருவாடு. உப்பு போட்டாச்சு, காஞ்சாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அப்டித்தானே?" நீ மணலிலே உட்கார்ந்து சிரித்தாய். அன்றிலிருந்து அது நம் வார்த்தை. என் வீட்டுக்காரருக்கே அது என்னவென்று தெரியாது.

நீ அவளுக்குக் கலர் பார். வெளிச்சம் தெரிந்தவள் என்று சொல். அதெல்லாம் தொழில், பொறுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை எப்படிக் கொடுத்தாய்? வயிறு எரிகிறது என்று சொல்வார்கள், இத்தனை நாள் சும்மா ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது.

அந்தக் கலாட்டாவில் தாலி கட்டுகிற படம் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் முழங்கை குறுக்கே வந்துவிட்டது. பரவாயில்லை. மற்ற படங்கள் இருக்கின்றன. ஆடி முழுக்க டார்க்டேபிளில் உட்கார்ந்து பழகியிருக்கிறேன். இந்தக் கல்யாணத்துக்கு நானே கலர் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் வருகிறதுக்கும்தான். நீ அவளுக்கே முழுநேரமும் செய்.

லோகநாயகி


கூடுவாஞ்சேரி
6 செப்டம்பர் 2025

லோகு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வங்கிக்கு எழுதுகிற மாதிரி. சரி.

நான் அவளுக்கு எந்த வார்த்தையையும் கொடுக்கவில்லை. வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் தடவை "பச்சையை அனுப்பு" என்று சொன்னபோது அந்தப் பெண், "ஐயோ அக்கா, படத்துல பச்சை ஏறிடுச்சா?" என்று பயந்து மறுபடி மண்டபத்துக்குக் கிளம்பப் பார்த்தாள். அப்புறம் விளக்கிச் சொன்னேன். யார் சொன்ன வார்த்தை என்றும் சொன்னேன். லோகு என்று ஒருத்தி, கடற்கரையில் வைத்துக் கண்டுபிடித்தாள் என்றேன். நீ மேடையில் அவளிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

இப்போது நான் கேட்கிறேன். கார்த்திகைப் புயலில் கடைப் பலகை உடைந்து என் பெயர் இருந்த பாதி பறந்துவிட்டது என்று போன வருஷம் சொன்னாய். நம்பினேன். பலகையில் பாதியைப் புயல் கொண்டுபோனது, சரி. இன்ஸ்டாகிராமில் எந்தப் புயல் அடித்தது? லோகு ஜெஸ்ஸி ஸ்டூடியோ என்று இருந்தது எப்படி லோகு போட்டோகிராஃபி ஆனது? அங்கே இருக்கிற அத்தனை படத்திலும் முகத்துக்கு வெளிச்சம் வைத்தது யார்? உன் படத்தைப் பார்த்து நூறு பேர் சூப்பர் மேடம் என்கிறார்கள். நான் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அதையெல்லாம் படிக்கிறேன். உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறதா?

இனி உன் டிஸ்க் வராது என்று எழுதியிருக்கிறாய். அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான். எனக்கு நானே சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். சொந்தச் செலவுகூட இல்லை, இலவசம்.

ஜெஸ்ஸி


மாமல்லபுரம்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

முதலில் பெயர் விஷயம். நீ போன கோபத்தில் மாற்றினேன். திரும்ப மாற்றிவிட்டேன், போய்ப் பார்த்துக்கொள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் நான் அழுதுவிடுவேன், தாள் ஈரமாகும்.

இரண்டாவது விஷயம், நாறிப்போய்விட்டது. பிரபா கல்யாணத்தை உட்கார்ந்து உட்கார்ந்து திருத்தினேன். கண்ணெல்லாம் பூத்துப்போனது. அழகாக வந்தது, சத்தியமாக. நீ சொன்ன மாதிரி பெண்ணை வெளுப்பாக்கவில்லை, மாநிறத்தில் தங்க நகை எப்படி எடுத்துக் காட்டும், அந்த மாதிரி நிறுத்தினேன். படங்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி, ஆல்பம் வடிவமைக்கிற செங்கல்பட்டு சுப்புராமனிடம் கொடுத்தேன். மாதிரிப் பக்கங்கள் அச்சாகி நேராகப் பெண் வீட்டுக்குப் போயின. சம்பூர்ணம் அம்மா பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா லோகு, நான் பண்ணது கல்யாணமா கருமாதியா? எல்லாம் சாம்பல் பூசினாப்ல கீது!" என்று வாசலில் நின்றே கேட்டார்.

சுப்புராமனிடம் ஓடினேன். "நீ ராவையே காப்பி பண்ணிக் குடுத்துகீறியேம்மா. நீ பண்ண வேல எதுவுமே இதுல இல்ல" என்றார். திருத்தம் எல்லாம் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில் இருக்குமாம். படத்தைத் திருத்தத்தோடு ஏற்றுமதி செய்துதான் வெளியே கொடுக்க வேண்டுமாம். அதாவது கருவாடு ஆக்கித்தான் கொடுக்கணும். வார்த்தையைக் கண்டுபிடித்த எனக்கே தெரியவில்லை. பச்சை மீனைப் பந்தியில் பரிமாறிவிட்டு வந்திருக்கிறேன். அசல் படம் மாறவே மாறாது என்று நீ எழுதினாய் அல்லவா? மாறவே இல்லையடி!

அதைச் சரிசெய்துவிட்டேன். எல்லாவற்றையும் முறையாக எடுத்துக் கொடுத்தாயிற்று. புதுப் பக்கங்களைப் பார்த்து சம்பூர்ணம் அம்மா வாயை மூடினார். ஆனால் உடனே திறந்தார். "தாலி கட்ற படம் எங்க?" தாலி இல்லாத கல்யாண ஆல்பத்தை எந்தத் தாய் வாங்குவாள்? இந்த ஊர்ப் பக்கம் நான் இனி ஒரு முகூர்த்தத்தில் தலைகாட்ட முடியாது.

அது அனுவிடம் இருக்கும். அவளிடமிருந்து அந்த ஒரு படத்தை வாங்கிக் கொடு. எனக்காக இல்லை என்றாலும் அந்தப் பெண்ணுக்காக.

லோகு


கூடுவாஞ்சேரி
28 செப்டம்பர் 2025

லோகு,

குட்டிக் கோப்பைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். உனக்குச் சிரமம், எனக்கு வருத்தம்.

படத்தை நான் வாங்கித் தர மாட்டேன். நீயே அவளிடம் கேள். அவள் எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்டால் கொடுப்பாள். அந்தப் படத்தை நீ என்னிடமிருந்து வாங்கக் கூடாது, அவளிடமிருந்துதான் வாங்க வேண்டும். பார்த்தால் உனக்கே தெரியும்.

ஜெஸ்ஸி


மாமல்லபுரம்
9 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

கேட்டேன். எண்ணை அழுத்துவதும் நிறுத்துவதுமாக ஒரு நாள் போனது. "அக்கா, எனக்கு ஒரு படம் வேணும்" என்றுதான் ஆரம்பித்தேன். யோசித்துப் பார், அந்தப் பொடிப்பெண்ணை நான் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு பதற்றம். அவள் சிரிக்கவில்லை. "சுப்புராமன் சார் கடைக்கு நானே கொண்டுவரேன்க்கா" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள். ஏன் போனாள் என்று படத்தைப் பார்த்ததும் புரிந்தது.

மாப்பிள்ளை கை, தாலி, பிரபாவின் குனிந்த முகம். நெற்றிச்சுட்டியில் மட்டும் வெளிச்சம் நிற்கிறது. அட்சதை பறப்பது ஒவ்வொன்றும் தெரிகிறது. பின்னால் பெண் வீட்டுப் பக்கம் நான் நிற்கிறேன். யாருடைய முழங்கையும் என் முன்னால் இல்லை. கேமரா என் மார்பில் தொங்குகிறது. நான் தாலியைப் பார்க்கவில்லை, படம் எடுக்கிற அனுவை முறைத்துக்கொண்டிருக்கிறேன். கெட்டிமேளம் கொட்டுகிறது, ஊரே பூப்போடுகிறது, நான் அப்படி நிற்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது, ஜெஸ்ஸி. இரண்டு மாதமாக என் முகம் இதுதானா?

டீயோடு வந்தாள். "ஓரத்தைக் கட் பண்ணிடலாம்க்கா. உங்களுக்கு ஆல்பத்துக்கு அது வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன்.

சுப்புராமன் கம்ப்யூட்டரில் டார்க்டேபிளைப் போட்டு நானே திருத்தினேன். வேறு ஒருத்தி எடுத்த படத்துக்கு நான் கலர் பார்த்தது இதுதான் முதல் தடவை. என்னை வெட்டினேன். மற்றபடி தொடுவதற்கு அதில் எதுவும் இல்லை. நிழலைத் துளி தூக்கினேன், நிறுத்திவிட்டேன். வெளிச்சம் தெரிந்தவள்தான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் உண்மை.

அவளுக்கும் மாத வாடகை மென்பொருள் கட்டவில்லையாம். அந்தப் பக்கம் எது, இந்தப் பட்டன் எது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைக் காட்டினேன். குட்டிக் கோப்பைத்தான் முதலில் காட்டினேன். மத்தியானம் பிரியாணி அவள் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ஏதோ எடுக்க வேண்டும், கூட வருகிறீர்களா என்றாள். போகிறேன்.

சம்பூர்ணம் அம்மா ஆல்பத்தை வாங்கிக்கொண்டார். "இப்பதான் கல்யாணம் மாரி கீது" என்றார்.

லோகு


கூடுவாஞ்சேரி
2 நவம்பர் 2025

அன்பு லோகு,

பாப்பா நான்கு பல்லோடு சிரிக்கிறாள். பாலா நலம். எனக்குத்தான் சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்துக்கு அதைத் திருத்தியது நான்தானே. அங்கேயும் உன்னை நான்தான் வெட்டினேன். வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கோபம் என் மேலா என்று நினைத்தேன். உள்ளே ஒரு சந்தோஷமும் வந்தது. எனக்காக யாரும் மேடையில் நின்று அப்படி முறைத்ததில்லை.

இப்போது நிலைமை வேறு. நீங்கள் இரண்டு பேரும் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து எடுத்த படத்தை அனு போட்டிருக்கிறாள். கையில் வறுத்த மீன். கீழே "பச்சை இல்லை, வறுவல்" என்று எழுதியிருக்கிறாள், நீ சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாய். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அனுவின் டிஸ்க்கும் வந்து நாளாகிறது. "லோகுக்கா சொல்லிக் குடுத்தாங்க, நானே பண்ணிப் பாக்கறேன்க்கா" என்கிறாள். லோகுக்கா அப்படிச் சொன்னாங்க, லோகுக்கா இப்படிச் சொன்னாங்க. என்னிடம் கற்றுக்கொண்டு போய் நீ அவளுக்கு அக்கா ஆகிவிட்டாய்.

பாப்பா தூங்குகிற நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைக்கிறேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. பழைய வளைகாப்புப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். பாலா, "ரெஸ்ட் கிடைச்சிருக்கே, நல்லதுதானே" என்கிறார். நல்லதில்லை. கல்யாணமாகி ஊர் மாறி, வாசலில் நிற்காமல், மேடையில் ஏறாமல், இந்த ஒரு வேலையில்தான் நான் எல்லாருடைய கல்யாணத்திலும் இருந்தேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது, லோகு. உன் மேலா அவள் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேராகவே எழுதிவிட்டேன். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

ஜெஸ்ஸி


மாமல்லபுரம்
8 நவம்பர் 2025

என் ஜெஸ்ஸிக்கு,

லோகு எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைப் படித்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் என்னை ராட்சசி என்பாய். நீயும் எரிந்தாயா? நன்றாக எரி. நான் ஆவணியிலிருந்து எரிகிறேன்.

பார்சலில் டிஸ்க் இருக்கிறது. ஐப்பசிக் கல்யாணம் இரண்டு, ஒரு காதுகுத்து. எல்லாம் பச்சை. நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை. வைக்கத் தெரியாமல் இல்லை, இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது, சுப்புராமனைக் கேட்டுப் பார். ஆனால் நான் திருத்தினால் படம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நீ திருத்தினால் அந்தப் பெண்ணுக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்ட மாதிரி இருக்கிறது. முன்பு வேறு வழி இல்லாமல் உனக்கு அனுப்பினேன். இப்போது வழி இருக்கிறது, இருந்தும் அனுப்புகிறேன். ஒவ்வொரு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் இனி உன் பெயர் அச்சாகும், சுப்புராமனிடம் சொல்லிவிட்டேன்.

அனுவிடமும் பேசினேன். கல்யாணத்தை ஜெஸ்ஸிக்கு அனுப்பு, காலேஜ் விழாவை நீயே செய், அவள் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றேன். சரி என்றாள். நல்ல பெண்தான். கூரியர் ஒரே செலவாகட்டும் என்று அவள் டிஸ்க்கையும் இதே பார்சலில் வைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு நான்கு பல்லுக்கும் நான்கு முத்தம்.

உன்
லோகு

பி.கு.: கறுப்பு டிஸ்க் என்னுடையது, நீலம் அவளுடையது. கறுப்பை முதலில் திற.